நாடிழந்தோர் கதையும் நம் வீட்டுப் பிள்ளையும்



பிள்ளைகளுக்குத் துயரக் கதைகளைச் சொல்லலாமா என்று பெற்றோர் பலர் ஐயுறுவதுண்டு. ஆயினும் நமது மலையகத்துப் பிள்ளைகளுக்குத் துயரக் கதை புதியதன்று. மாசி மாதத்தில் தோட்டந்தோறும் நிகழும் காமன் கூத்தில் மன்மதன் எரிக்கப்படுவதையும் இரதி புலம்புவதையும் அவர்கள் தாயின் மடியில் இருந்தபடியே காண்கின்றனர். பொன்னர் சங்கர் கதையில் உடன்பிறந்தார் மடிவதைக் கண்டு கண்ணீர் வடிக்கின்றனர். அக்கண்ணீரால் எந்தப் பிள்ளையும் கெட்டுப் போனதாக நாம் அறியோம். ஆகவே, துயரத்தைச் சொல்லலாமா என்று கேட்பதினும், அதனை எவ்வாறு சொல்வது என்று கேட்பதே பொருத்தமாகும்.

இன்று யான் பேச எடுத்துக்கொண்ட பொருள், ஐரோப்பாவில் ஹிட்லரின் ஆட்சிக்கு அஞ்சி நாடு விட்டு நாடு ஓடிய யூதக் குடும்பங்களைப் பற்றிச் சிறுவர்களுக்காக எழுதப்பட்ட வரலாற்றுப் புனைகதைகளாகும். அவற்றை நம் வீட்டுப் பிள்ளையோடு சேர்ந்து படிப்பது எவ்வாறு, படிப்பதால் வரும் பயன் யாது என்பவற்றைச் சற்றே ஆராய்வோம். பதுளையிலும் பசறையிலும் லுணுகலையிலும் வாழும் பிள்ளைக்குப் பேர்லின் நகரத்துப் பிள்ளையின் கதை எதற்கு என்று சிலர் வினவக்கூடும். அவ்வினா நியாயமானதே. அதற்கு விடை கூறுவதும் இப்பேச்சின் நோக்கமாகும்.

முதற்கண் வரலாற்றைச் சுருக்கமாக நினைவூட்டுகின்றேன். 1933 ஆம் ஆண்டு ஜனவரியில் ஹிட்லர் ஜேர்மனியின் ஆட்சித் தலைவரானார். 1935 இல் நியூரம்பர்க் நகரில் அறிவிக்கப்பட்ட சட்டங்கள் யூதர்களின் குடியுரிமையைப் பறித்தன. 1938 ஜூலையில் 32 நாடுகளின் பேராளர்கள் பிரான்சு நாட்டின் எவியான் என்னும் ஊரில் கூடி, அகதிகளைப் பற்றி ஆலோசித்தனர். எனினும் பெரும்பாலான நாடுகள் தம் கதவைத் திறக்கவில்லை. அவ்வாண்டு நவம்பரில் யூதரின் தொழுகைக் கூடங்கள் நூற்றுக்கணக்கில் எரிக்கப்பட்டன, கடைகள் சூறையாடப்பட்டன. 1939 இல் உலகப் போர் மூண்டது. 1945 இல் அது முடிந்தபோது ஏறத்தாழ 60 இலட்சம் யூதர்கள் கொல்லப்பட்டிருந்தனர். அவர்களுள் சுமார் 15 இலட்சம் பேர் சிறுவர்கள்.

இந்நிகழ்ச்சிகளின் வரிசையைப் பெரியவர்கள் கூர்ந்து நோக்குதல் வேண்டும். கொலைகள் தொடங்குமுன் சட்டம் வந்தது. இன்னார் இந்நாட்டவர் அல்லர் என்று எழுதிய சட்டம் அது. அதன்பின் பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளை நீக்கப்பட்டது, தந்தையின் வேலை போயிற்று, அயலார் பேசாதிருந்தனர். இப்படிகளையெல்லாம் கடந்த பின்னரே பெருங்கொடுமை நிகழ்ந்தது. சிறுவர்க்கான நல்ல கதைகள் இந்தத் தொடக்கப் படிகளையே விரிவாகக் காட்டுகின்றன. பிள்ளையின் மனம் தாங்கக்கூடியதும், பிள்ளை விளங்கிக்கொள்ள வேண்டியதும் அவைதாம்.

வரலாற்றுப் புனைகதை என்றதும் நமக்கு நினைவுக்கு வருவன கல்கியின் 'சிவகாமியின் சபத'மும் 'பொன்னியின் செல்வ'னும் ஆகும். அவற்றில் அரசரும் படைத்தலைவரும் ஒற்றரும் உலவுகின்றனர். யான் இங்குக் குறிப்பிடும் நூல்களில் அரசரும் இல்லை, அரண்மனையும் இல்லை. ஒன்பது பத்து வயதுப் பிள்ளை ஒன்று, தன்னைச் சுற்றி நடப்பது இன்னதென்று முழுவதும் விளங்காத நிலையில், தன் பெட்டியை எடுத்துக்கொண்டு புறப்படுகின்றது. அரசியலை அப்பிள்ளையின் கண்கொண்டே நாம் காண்கின்றோம். இரண்டு நூல்களை எடுத்துக்காட்டாகச் சொல்வேன்.

முதலாவது, யூடித் கெர் என்னும் அம்மையார் எழுதி 1971 இல் வெளிவந்த 'ஹிட்லர் இளஞ்சிவப்பு முயலைத் திருடியபோது' என்னும் ஆங்கில நாவல். அம்மையார் 1923 இல் பேர்லின் நகரில் பிறந்தவர். அவருடைய தந்தையார் அல்பிரட் கெர் புகழ்பெற்ற நாடகத் திறனாய்வாளர். நாஜிகளைக் கண்டித்து எழுதியவர். கடவுச்சீட்டு பறிக்கப்படலாம் என்ற எச்சரிக்கை எட்டியதும் அவர் முன்னதாக நாட்டை விட்டு வெளியேறினார். 1933 மார்ச்சில் குடும்பமும் பின்தொடர்ந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் அவருடைய நூல்கள் தெருவில் தீயிட்டுக் கொளுத்தப்பட்டன. சுவிற்சர்லாந்து, பிரான்சு ஆகிய நாடுகளில் தங்கிய பின்னர் 1936 இல் அக்குடும்பம் இங்கிலாந்தை அடைந்தது.

இவ்வரலாறே கதையாயிற்று. கதையில் வரும் அன்னா என்னும் சிறுமிக்கு வயது ஒன்பது. புறப்படும் வேளையில் விளையாட்டுப் பொம்மைகளில் ஒன்றையே எடுத்துச் செல்லலாம் என்கின்றனர். நெடுநாள் தன்னோடிருந்த இளஞ்சிவப்பு முயலை வைத்துவிட்டு, புதிதாகக் கிடைத்த நாய்ப் பொம்மையை அவள் எடுத்துச் செல்கிறாள். விரைவில் திரும்பி வந்துவிடலாம் என்பது அவள் எண்ணம். திரும்பவில்லை. வீட்டையும் பொருளையும் அரசு கைப்பற்றிக் கொண்டது; முயலும் அவற்றோடு போயிற்று. மூன்று நாடுகள், மூன்று மொழிகள், வருவாயில்லாத் தந்தை, சமையலறியாத தாய் என்று கதை செல்கின்றது. ஆயினும் அண்ணன் தங்கையின் சண்டையும் சிரிப்பும் ஏடுதோறும் உண்டு. குடும்பம் ஒன்றாக இருக்கும்வரை எந்த ஊரும் தாங்கக்கூடியதே என்பதே அச்சிறுமியின் உறுதி.

அம்மையார் இந்நூலை எழுத நேர்ந்த காரணம் நம் போன்ற பெற்றோர் கருதத்தக்கது. அவர் தம் எட்டு வயது மகனை ஒரு திரைப்படத்துக்கு அழைத்துச் சென்றார். நாஜிகளிடமிருந்து ஓர் ஆஸ்திரியக் குடும்பம் பாடிக்கொண்டே தப்பிச் செல்லும் படம் அது. பார்த்து முடித்த சிறுவன், அம்மாவின் இளமைப் பருவம் எப்படி இருந்ததென்று இப்போது தெரிந்துவிட்டது என்றானாம். அது அப்படியன்று என்று மகனுக்குத் தெரிவிக்கவே தாய் எழுதத் தொடங்கினார். நாம் நம் கதையைச் சொல்லாவிடின், பிள்ளை வேறெவருடைய கதையையோ நம்முடையதென்று எண்ணிக்கொள்ளும் என்பது இதனாற் பெறப்படும்.

இரண்டாவது, லோயிஸ் லோரி என்னும் அமெரிக்க எழுத்தாளரின் 'நட்சத்திரங்களை எண்ணு' என்னும் நாவல். 1989 இல் வெளிவந்து, மறு ஆண்டில் அமெரிக்காவின் சிறுவர் இலக்கியத்துக்குரிய நியூபெரிப் பதக்கத்தைப் பெற்றது. கதை நிகழும் இடம் டென்மார்க்கின் தலைநகரான கொப்பன்கேகன், காலம் 1943. பத்து வயது ஆன்மேரி யூதச் சிறுமியல்லள். அவளுடைய தோழி எலனே யூதப் பெண். எலனை மறைத்துவைக்க ஆன்மேரியின் பெற்றோர், இறந்துபோன தம் மூத்த மகளின் பெயரை அவளுக்குச் சூட்டித் தம் பிள்ளை என்று காட்டுகின்றனர். நள்ளிரவில் படைவீரர் வந்து கதவைத் தட்டுகின்றனர். தோழியின் கழுத்தில் யூத மதத்தின் சின்னமான விண்மீன் பதக்கம் கிடப்பதைக் கண்ட ஆன்மேரி, அதனை அறுத்துத் தன் கைக்குள் இறுக மூடிக்கொள்கிறாள். வீரர்கள் போன பின் கையை விரித்துப் பார்த்தால், உள்ளங்கையில் அந்த விண்மீனின் வடு பதிந்திருக்கின்றது.

இக்கதைக்கு அடிப்படையாய் அமைந்த வரலாறு உண்மையானது. 1943 இலையுதிர் காலத்தில், 7,000 க்கும் மேற்பட்ட யூதர்களை டென்மார்க் மக்கள் மீன்பிடி வள்ளங்களிலும் சிறு கப்பல்களிலும் ஒளித்துவைத்துக் குறுகிய கடலைக் கடந்து சுவீடன் நாட்டுக்குக் கொண்டு சேர்த்தனர். கைது நடக்கப் போகின்றது என்ற இரகசியத்தை முன்கூட்டியே வெளியிட்டவர் டுக்விட்ஸ் என்னும் ஜேர்மன் அதிகாரி ஒருவர் என்பதும் குறிப்பிடத்தக்கது. ஓர் இனத்தார் அனைவரும் கொடியவர் என்று பிள்ளை முடிவு கட்டாதிருக்க, இந்த ஒரு பெயரே போதும்.

இனி, நம் நிலத்துக்கு வருவோம். யூத அகதிகளின் கதை நமக்கு முற்றிலும் தொலைவானது என்று நினைத்தல் வேண்டா. பதுளை மாவட்டத்தின் தியத்தலாவையை நாம் அனைவரும் அறிவோம். பண்டாரவளையிலிருந்து அப்புத்தளைக்குப் புகைவண்டியில் செல்வோர் அதன் புல்வெளிகளைப் பார்த்திருப்பர். 1900 ஆம் ஆண்டில் தென்னாபிரிக்கப் போரிற் சிறைப்பட்ட போயர் வீரர்கள் ஆயிரக்கணக்கில் அங்கு அடைத்து வைக்கப்பட்டனர். இரண்டாம் உலகப் போரின்போது, இலங்கையில் வாழ்ந்த ஜேர்மானியர் அங்குக் காவலில் வைக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவர் ஞானபோனிக தேரர்.

தேரரின் இயற்பெயர் சீக்மண்ட் பெனிகர். 1901 இல் ஜேர்மனியின் ஹனாவு நகரில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்தவர். பௌத்தத்தில் ஈடுபாடு கொண்டு 1936 இல் இலங்கைக்கு வந்து துறவியானார். அதற்கு முன்பே ஜேர்மனியில் நிலைமை மோசமாவதைக் கண்டு, தம் தாயாரை வியன்னா நகருக்கு அனுப்பியிருந்தார். 1938 இல் ஹிட்லர் வியன்னாவையும் கைப்பற்றவே, 1939 இல் தாயாரையும் உறவினரையும் இலங்கைக்கு வரவழைத்துக் காத்தார். போர் வந்ததும் நிகழ்ந்த விபரீதத்தைக் கவனியுங்கள். எவனுக்கு அஞ்சிக் குடும்பம் ஓடிவந்ததோ, அவனுடைய நாட்டவர் என்று கருதப்பட்டு, பிரித்தானிய ஆட்சியினரால் அவர் தியத்தலாவையில் அடைக்கப்பட்டார். பின்னர் இந்தியாவின் தேராதூன் முகாமுக்கு அனுப்பப்பட்டார். 1946 இலேயே இலங்கைக்குத் திரும்பினார். 1958 இல் கண்டியில் பௌத்த நூல் வெளியீட்டுச் சங்கத்தை நிறுவியோருள் அவரும் ஒருவர். 1994 இல் காலமானார்.

பிள்ளைக்கு இதனைச் சொல்லிப் பாருங்கள். அந்நிய தேசத்துக் கதை என்று ஒதுங்கியிருந்த பிள்ளை, தியத்தலாவை என்ற பெயரைக் கேட்டவுடன் நிமிர்ந்து உட்காரும். ஒரு மனிதன் எந்நாட்டவன் என்பதை அவன் மனமும் வாழ்வும் தீர்மானிக்காது, கையிலுள்ள ஒரு தாள் தீர்மானிக்கின்றது என்னும் பெரிய உண்மையை, நம் ஊர்ப் பெயர் ஒன்றே விளக்கிவிடும்.

கதைகள் மேற்கிலிருந்து மட்டும் இங்கு வரவில்லை. இங்கிருந்தும் அங்குச் சென்றுள்ளன. போலந்தின் வார்சோ நகரில், மதில் எழுப்பி யூதர்களை அடைத்து வைத்திருந்த பகுதியில், யானுஸ் கோர்ச்சாக் என்னும் மருத்துவர் அநாதைச் சிறுவர் இல்லமொன்றை நடத்தி வந்தார். 1942 ஜூலை 18 ஆம் நாள் அவ்வில்லத்துச் சிறுவர்கள் ஒரு நாடகத்தை நடித்தனர். அது நம் இரவீந்திரநாத தாகூரின் 'அஞ்சல் நிலையம்'. நோயுற்று அறைக்குள் அடைபட்ட அமல் என்னும் சிறுவன், சன்னல் வழியே உலகத்தைக் கண்டு, அரசனின் கடிதத்துக்காகக் காத்திருக்கும் நாடகம் அது. சில வாரங்களுள், ஆகஸ்டு தொடக்கத்தில், அச்சிறுவர்கள் இருநூற்றுவர் அளவில் திரெபிளிங்கா கொலைக்களத்துக்குக் கொண்டு செல்லப்பட்டனர். தப்பிக்க வாய்ப்புகள் இருந்தும், கோர்ச்சாக் பிள்ளைகளைக் கைவிடாது உடன் சென்று மாண்டார். வங்காளத்தில் எழுதப்பட்ட கதை வார்சோவின் பிள்ளைக்கு ஆறுதல் தர முடிந்ததென்றால், பேர்லினில் நிகழ்ந்த கதை பதுளைப் பிள்ளைக்குப் பொருளுடையதாகாதா?

இப்போது முதலில் எழுப்பிய வினாவுக்கு நேராக விடை கூறுவேன். நமக்கே சொந்தமான கதை இருக்கப் பிறர் கதை எதற்கு? நம் சொந்தக் கதையை நம்மிற் பலர் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை என்பதே என் விடை.

அக்கதை இது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தினால், தோட்டங்களில் பிறந்து தோட்டங்களிலேயே உழைத்த இலட்சக்கணக்கான மக்கள் நாடற்றவராயினர். தந்தையின் பிறப்பையோ, பாட்டனும் பூட்டனும் பிறந்ததையோ பத்திரத்தால் நிறுவுமாறு கேட்டால், லயத்து அறையிற் பிறந்தவர் எப்பத்திரத்தைக் காட்டுவர்? அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று. 1964 அக்டோபர் 30 ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேர் இலங்கைக்கு என்றும் கணக்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டன. பிள்ளைகள் இவ்வெண்களைப் பாடநூலிற் படிக்கலாம். ஆனால் அண்ணனுக்கு இலங்கை, தம்பிக்கு இந்தியா என்று ஒரே அடுப்பு இரண்டான வகையை எண்கள் சொல்லமாட்டா.

பதுளைப் புகைவண்டி நிலையத்தில் ஏறியவர்கள் பொல்காவலை, அனுராதபுரம், மதவாச்சி வழியாகத் தலைமன்னார் சென்று, கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினர். மண்டபம் முகாமில் தங்கிப் பல ஊர்களுக்கும் பிரிந்தனர். சிலர் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றனர். மேடையில் நின்றவரும் வண்டியில் இருந்தவரும் கதறியழுதமையால், மக்கள் அவ்வண்டிக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயரிட்டனர். இங்கே இந்தியாக்காரர் என்றும் கள்ளத்தோணி என்றும் ஏசப்பட்டவர்கள், அங்கே சிலோன்காரர் என்று அழைக்கப்பட்டனர். 1984 இல் போர் காரணமாகக் கப்பற் போக்குவரத்து நின்றது. நாடற்றோர் என்ற நிலை 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே பெரும்பாலும் நீங்கிற்று. இடையில் 1983 ஜூலையில் பதுளை நகரமும் எரிந்தது. அந்நாளில் தமிழ்க் குடும்பங்களைத் தம் வீடுகளில் மறைத்துக் காத்த சிங்கள அயலவர்களும் நம்மிடையே இருந்தனர். அதனையும் சேர்த்தே சொல்லுதல் வேண்டும்.

இவற்றையெல்லாம் அனுபவித்த முதியோர் வாய் திறவாமல் இருக்கின்றனர். சொன்னால் பிள்ளை வருந்துமென்று சிலர் நினைக்கின்றனர். வெட்கம் என்று சிலர் கருதுகின்றனர். இங்கேதான் பிறர் கதை உதவுகின்றது. தன் புண்ணைத் தொட அஞ்சும் ஒருவர், பிறர் புண்ணைப் பற்றிப் பேசும்போது தன்னையறியாமல் தன் கதைக்கு வந்துவிடுவார்.

எனது ஆசிரிய வாழ்வில் இதனை யான் நேரிற் கண்டதுண்டு. ஆறாம் வகுப்பில் ஒருமுறை அன்னாவின் முயற் கதையைத் தமிழிற் சொல்லி, நீங்கள் புறப்பட நேர்ந்தால் எதனை எடுத்துச் செல்வீர்கள், எதனை விட்டுச் செல்வீர்கள் என்று கேட்டேன். பந்து, நாய்க்குட்டி, பரிசுக் கிண்ணம் என்று பல விடைகள் வந்தன. ஒரு மாணவி விடை கூறவில்லை. மறுநாள் வந்து, "ஐயா, எங்கள் வாசலில் ஓர் அம்மிக்கல் கிடக்கிறது. அது அப்பாயியின் தங்கையுடையதாம். இந்தியா போனபோது பாரமென்று விட்டுப் போனாராம். இத்தனை நாளும் அதில்தான் அரைக்கிறோம்; யாருடையது என்று எனக்குத் தெரியாது" என்றாள். முதல் நாள் இரவு முயற் கதையை அவள் வீட்டிற் சொல்லியிருக்கின்றாள். கேட்டுக்கொண்டிருந்த பாட்டி, யாரும் கேளாமலே, அம்மியின் கதையைச் சொல்லியிருக்கின்றார். நாற்பதாண்டு மௌனத்தை ஒரு பொம்மை முயல் கலைத்தது.

இனி, இக்கதைகளைப் பகிரும் முறையைப் பற்றிச் சில கூறுவேன்.

நூலைப் பெரியவர் முதலில் தாமே படித்து முடித்தல் வேண்டும். எந்த இடத்திற் பிள்ளை கலங்கும், எந்த இடத்தில் வினவும் என்பது அப்போதே தெரியும். ஆங்கிலம் அறிந்தவர் வீட்டில் இல்லையெனில் ஆசிரியரோ, மேல் வகுப்பிற் படிக்கும் அண்ணன் அக்காமாரோ படித்துத் தமிழில் வாய்மொழியாகச் சொல்லலாம். கொழுந்து பறித்துக் களைத்துவந்த தாயும் அடுப்படியில் இருந்தபடியே கேட்கலாம். எழுத்தறியாத பாட்டியும் கேட்கலாம். ஓரிரவுக்கு ஓர் அதிகாரம் போதும். ஒன்பது வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு முயற் கதையோடு நிறுத்திக்கொள்வது நன்று. வதை முகாம்களின் விவரம் அவ்வயதுக்கு வேண்டியதில்லை.

ஆனால் பிள்ளை கேட்டால் பொய் சொல்லலாகாது. பிள்ளைகளையும் கொன்றார்களா என்று கேட்டால், ஆம், கொன்றார்கள் என்று அமைதியாகச் சொல்லுதல் வேண்டும். அதற்கு மேல் கேட்டாலன்றி விரிக்க வேண்டா. லோரி அம்மையாரின் கதையிலேயே இதற்கொரு வழிகாட்டுதல் உண்டு. முழு உண்மையும் தெரியாதபோது துணிவாக இருத்தல் எளிது என்று ஆன்மேரியின் மாமன் அவளுக்கு விளக்குகின்றார். ஆயினும், பிள்ளை உண்மையைக் கண்டுபிடித்துக் கேட்கும் வேளையில் அவர் மறைக்கவில்லை. பிள்ளையின் வினா எவ்வளவு ஆழம் செல்கின்றதோ, அவ்வளவு ஆழத்துக்கு நம் விடையும் செல்வது போதும்.

அடுத்து, எது நடந்தது, எது புனைந்தது என்பதைப் பிள்ளைக்குப் பிரித்துக் காட்டுதல் வேண்டும். லோரி அம்மையார் தம் நூலின் இறுதியில் இதனைத் தாமே விளக்கியுள்ளார். அப்பியாசக் கொப்பியில் ஒரு கோடு கிழித்து, ஒரு பக்கம் வரலாறு, மறுபக்கம் கற்பனை என்று பிள்ளையையே எழுதச் செய்யலாம். ஆன்மேரி கற்பனை; வள்ளங்கள் உண்மை. அன்னா கதைமாந்தர்; அவள் சென்ற பாதை உண்மை. இப்பழக்கம் படிந்த பிள்ளை, பிற்காலத்தில் மேடையிலும் பத்திரிகையிலும் வரும் செய்திகளையும் இவ்வாறே பிரித்து நோக்கும்.

உலகப் படமொன்றை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். டென்மார்க்குக்கும் சுவீடனுக்கும் இடையிலுள்ள குறுகிய கடலைக் காட்டிய விரலாலேயே, தலைமன்னாருக்கும் இராமேசுவரத்துக்கும் இடையிலுள்ள கடலையும் காட்டுங்கள். அங்கே உயிர் தப்ப இரகசியமாகக் கடந்தனர்; இங்கே இரு அரசுகளின் உடன்படிக்கையால் பதிவேட்டில் பெயர் எழுதிக் கடந்தனர். இந்த வேறுபாட்டை வற்புறுத்திச் சொல்லுதல் மிக அவசியம். யூதருக்கு நேர்ந்தது ஓர் இனத்தையே பூண்டோடு அழிக்க வகுத்த திட்டம். நம் முன்னோருக்கு நேர்ந்தது உரிமைப் பறிப்பும் குடும்பப் பிரிவும். இரண்டையும் ஒன்றென்று கூறினால், அவர்தம் இறந்தோரையும் நாம் மதித்தவராகோம். நம் வரலாற்றையும் சரியாகக் கூறியவராகோம். ஒப்பிடுதல் வேறு; ஒன்றாக்குதல் வேறு. ஒருவருக்குத் தாளில் உரிமை இல்லை என்று எழுதும் நாள், அவர் பிள்ளையின் வாழ்வில் என்ன செய்கின்றது என்பதே இரண்டுக்கும் பொதுவான பாடம்.

கதை முடிந்தவுடன் நீதி இதுவென்று அவசரப்பட்டு உரைக்காதீர்கள். பரீட்சை வினாக்களும் கேட்காதீர்கள். பிள்ளை சற்று மௌனமாயிருந்தால் இருக்கட்டும். பிறகு வேண்டுமானால் ஒரு வினாவை மட்டும் எழுப்புங்கள்: நள்ளிரவில் நம் கதவை ஒரு பிள்ளை தட்டினால் நாம் என்ன செய்வோம்? துன்புற்றவர் நிலையில் தன்னை வைத்துப் பார்க்கும் பிள்ளைக்கு இரக்கம் வரும். காத்தவர் நிலையிலும் தன்னை வைத்துப் பார்க்கும் பிள்ளைக்குப் பொறுப்பும் வரும். நம் வகுப்பறைக்குப் புதிதாக வந்து ஒரு மூலையில் ஒதுங்கியிருக்கும் மாணவனிடம் அப்பொறுப்பு முதலில் வெளிப்படக் காணலாம்.

பாட்டன் பாட்டிமாரை வற்புறுத்திக் கேட்கலாகாது. கதை நடக்கும்போது அவர்களும் அருகில் இருந்தால் போதும். சொல்ல விரும்பினால் சொல்வர். சொன்னவற்றைப் பிள்ளை தன் கையால் எழுதி, நாளும் இடமும் குறித்து வைக்கட்டும். தகரப் பெட்டியின் அடியிலுள்ள பழைய பத்திரங்களையும் கடிதங்களையும் தூசு தட்டிப் பாதுகாப்பாக வையுங்கள். நம் கதையை எழுதிய பெரியோரும் உளர். பதுளை மாவட்டத்து ஊவாக்கட்டவளைத் தோட்டத்திற் பிறந்து, ஆசிரியராய்ப் பணிபுரிந்த தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு சேர்த்துக்கொண்ட தெளிவத்தை ஜோசப் அவர்கள், மலையக வாழ்வைச் சிறுகதைகளிலும் நாவல்களிலும் வடித்து, 2022 இல் மறைந்தார். ஆனால் அவர் போன்றோர் எழுதியவை பெரியவர்களுக்கானவை. ஒப்பாரிக் கோச்சியில் ஏறிய ஒன்பது வயதுப் பிள்ளையின் கண்கொண்டு, பிள்ளைகளுக்காக எழுதப்படும் நாவல்கள் நமக்குப் பல வேண்டும்.

யூடித் கெர் தம் கதையை எழுதியபோது அவர் பேர்லினை விட்டு நீங்கி ஏறத்தாழ நாற்பதாண்டுகள் கழிந்திருந்தன. நம்மிடையிலும் தலைமன்னார்க் கப்பலை நேரிற் கண்டவர்கள் இன்னும் வாழ்கின்றனர். ஆயினும் அவர்களின் தொகை ஆண்டுதோறும் குறைந்து வருகின்றது. ஆகையால், நேயர்களே, வருகின்ற விடுமுறையில் இத்தகைய நூலொன்றைத் தேடியெடுத்து, வீட்டு முதியவரையும் அருகில் இருத்தி, உங்கள் பிள்ளையோடு படிக்கத் தொடங்குங்கள்.